ஒற்றைக் குழி மைதானம்

அவர் எந்த வேலையையும் முடிகிற இடத்திலிருந்துதான் தொடங்குவார். வேலி அடைப்பதென்றால் கடைசிக் கதியால் தடியை முதலில் நட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவார். நான் அவரை முதன்முதலில் கண்டதும் அப்படித்தான். எங்கள் காணிக்கும் அவருடைய காணிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. நெட்டையான, மெலிந்த வயதாளி ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்ற பாலை மரத்தைப் பார்த்தபடி அடி அடியாகப் பின்னுக்கு வந்துகொண்டிருந்தார். நான் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தேன். வாயைத் திறந்து எச்சரிப்பதற்குள் மனிதர் தொப்பென்று வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டார்.

"ஐயா, உங்களுக்குக் கண் பிடரியிலயே இருக்குது?" என்று கேட்டேன்.

தண்ணீருக்குள் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாய்க்கால் இந்த எடத்துலதான் வரும்னு நெனச்சேங்க. சரியாத்தான் வருது," என்றார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற றோட்டால் இறங்கி உள்ளே போனால், காடு வெட்டித் திருத்திய ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து போன என் மாமனாருக்கு அங்கே வயல் கிடைத்திருந்தது. அவர் காலமான பிறகு நானும் என் புருஷனும் போய் அதைப் பொறுப்பெடுத்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இந்த ஐயாவும் அவருடைய மகளும் இருந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்த சனம். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு துண்டு வயல், இரண்டு ஆடு, ஒரு மேட்டுக்காணி, இந்த அப்பா. இதுதான் அவளுடைய சொத்து.

"அக்கா, எங்கப்பா ஒங்க வாய்க்கால்ல விழுந்தாராமே," என்று மகள் மன்னிப்புக் கேட்க வந்தாள். "அவரு அப்படித்தான். தோட்டத்துல பெரிய வேல பாத்த மனுசன். அந்த நெனப்பு இன்னும் போகல."

என்ன பெரிய வேலை என்று கேட்டேன். கோல்ப் மைதானம் போடுகிற வேலை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் கோல்பாம்!

ஆனால் உண்மைதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், இவர் பொடியனாக இருந்தபோது, மைதானம் போடுவதற்கென்றே சீமையிலிருந்து ஒரு துரை கப்பலில் வந்திறங்கினாராம். மலை மலையாக ஏறி இறங்கி, இங்கே தொடக்கம், அங்கே குழி என்று அடையாளம் வைப்பது அந்தத் துரையின் வேலை. முளைக்குச்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரிவது இவருடைய வேலை. துரைக்குக் குடி கொஞ்சம் கூடுதல். பின்னேரங்களில் அவர் கதிரையில் சாய்ந்துவிட, குச்சி நட்டதெல்லாம் இவர்தான். அந்தத் துரை கப்பலேறிய பிறகும் அந்த வேலை இவரை விடவில்லை. ஒரு தோட்டத்துத் துரைமார் போட்டதைப் பார்த்து அடுத்த தோட்டத்துத் துரைமார் கூப்பிட, மலைநாட்டில் பல தோட்டங்களில் சின்னதும் பெரிதுமாக மைதானம் போட்டிருக்கிறார். போட்டவர் என்ற பெயர் மட்டும் கடைசிவரை அந்தப் பழைய துரைக்குத்தான். பிறகு வெள்ளைக்காரர் போனார்கள், தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, மைதானங்களில் தேயிலை நட்டார்கள். தான் போட்டதில் ஒன்றுகூட இப்போது இல்லை என்று அவர் சொன்னபோது, மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"நீங்கள் விளையாடினனீங்களோ ஐயா?" என்று என் புருஷன் கேட்டார்.

"சேச்சே. எங்களையெல்லாம் உள்ள விடமாட்டாங்க. மட்டையத் தொட்டாலே அடிதான்."

"பிறகு அது நல்ல மைதானமோ கூடாத மைதானமோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஐயா வெறும் தேத்தண்ணியை மடமடவென்று குடித்துவிட்டு எழும்பினார். "அதாங்க எனக்கும் தெரியல," என்றார். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, வாழ்நாள் முழுக்க அவரைத் தின்றுகொண்டிருந்ததே அந்தக் கேள்விதான் என்று.

அவருக்கு எதையும் ஒரே வழியாக வைக்கத் தெரியாது. அவர்களுடைய படலையிலிருந்து வீட்டுக்குப் போக இரண்டு பாதை. ஒன்று நேரே போகும், ஆனால் நடுவில் ஒரு பள்ளம். மாரியில் பாய்ந்து கடக்க வேண்டும். மற்றது கத்தரிப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போகும், கால் நனையாது. கிணற்றுக்கும் அப்படி, ஆட்டுக் கொட்டிலுக்கும் அப்படி. இருக்கிற சின்னக் காணியில் பாதி பாதைக்கே போய்விட்டது என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏன் ஐயா இந்தக் கூத்து? பள்ளத்தை மூடிவிட்டால் எல்லாரும் நேரா வரலாமே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மூடிட்டா எல்லாரும் ஒண்ணா வருவாங்க. அதுல என்ன இருக்கு? பலசாலிக்கு ஒரு வழி இருக்கணும். ஏலாதவனுக்கும் ஒரு வழி இருக்கணும். ரெண்டையும் பாத்துட்டு, எதுல போறதுன்னு ஒரு நிமிஷம் அவன் நிக்கணுங்க. அந்த நிக்கிறதுதான் கோல்ப்பு. பந்தெல்லாம் சும்மா."

எனக்கு அந்த விளையாட்டு அதுவரை தெரியாது. ஒரு சின்னப் பந்தைத் தடியால் அடித்து அடித்துத் தூரத்திலிருக்கிற குழியில் விழுத்த வேண்டுமாம். குறைந்த அடியில் விழுத்துகிறவன் கெட்டிக்காரனாம். துணிந்தவன் மணல் குழிக்கு மேலால் அடித்து ஓர் அடியை மிச்சம் பிடிப்பான். பயந்தவன் சுற்றிப் போவான். இவ்வளவுதான்.

இந்த மனிதர், அந்த மேட்டுக்காணியில் ஒரு குழி போட்டார். ஒரேயொரு குழி. மகள் அங்கே கச்சான், அதுதான் நிலக்கடலை, போட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். வருஷக்கணக்காகச் சண்டை நடந்தது. கடைசியில் பாதியைக் கச்சானுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை விடமாட்டேன் என்றுவிட்டார். எங்கள் வேலியோரம் தொடக்கம். அந்தப் பாலை மரத்தடியில் குழி. இடையில் நேரே போகிற வழியில் வெள்ளை மணல் நிரப்பிய ஒரு பள்ளக் கிடங்கு. வலப்பக்கம் ஒரு கறையான் புற்றைச் சுற்றிக்கொண்டு அகலமான புல்தரை. புல் வெட்ட மெசினா இருக்கிறது? இரண்டு ஆட்டையும் முளையில் கட்டி, வட்டமாக மேயவிட்டு, முளையைப் பிடுங்கிப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடிப்பார். ஆடு விட்ட மிச்சத்தைக் குந்தியிருந்து கத்தியால் அரிவார். எங்கள் மாடு ஒருநாள் அந்தக் குழியடிக்குப் போய்ச் சாணி போட்டுவிட்டது. மனிதர் அன்றைக்குப் பூரா எங்களோடு கதைக்கவில்லை.

குழி தெரிவதற்காக ஒரு தடியை நட்டு, அதில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டைக் கட்டிவிட்டிருந்தார். வன்னிச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. காட்டுக்குள் இறங்குமுன் ஒரு குழையை முறித்து மரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், பாம்பு, ஆனை, வேறெதுவும் அண்டாமலிருக்க. பாலை மரம், அடியில் சுத்தமான புல், சிவப்புச் சீலை. விறகுக்குப் போன யாரோ ஒருத்தி அங்கே முதல் குழையை வைத்துவிட்டாள். அவ்வளவுதான். பார்த்தவர்களெல்லாம் வைக்கத் தொடங்கினார்கள். பிறகு கற்பூரம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ குழிக்குள் பொங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐயாவுக்கு வந்த கோபம்! "சாமி இல்லீங்க இது, குழிங்க, குழி!" என்று வழியில் போகிறவர்களை மறித்துச் சொன்னார். சொல்லச் சொல்லச் சனத்துக்குப் பக்தி கூடியதே தவிர குறையவில்லை. ஒவ்வொரு காலையும் வாடின குழைகளை அள்ளுவதும் எறும்பு மொய்த்த பொங்கலை வழிப்பதும் அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. எனக்கோ சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

விளையாட மட்டையும் பந்தும் அவரே செய்து வைத்திருந்தார். மட்டைக்கு விண்ணாங்குத் தடி. பந்துக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நூல் நூலாகக் கீறி இறுக்கிச் சுற்றியது. அது பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்குமே சனம் பறந்து திரிந்தது. சைக்கிள் ரியூப் பவுனுக்குச் சமம். மகள் அவரைக் கிழி கிழியென்று கிழித்தாள். ஆனால் அந்தப் பந்தை ஒருநாளும் ஒருவரும் அடித்ததில்லை.

ஏனென்று கேட்டால் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. நிலத்தை முன்பின் பார்த்தறியாத ஒருவன்தான் முதலில் ஆட வேண்டுமாம். நானே ஒருநாள், பாவம் மனுசன் என்று, "தாங்கோ ஐயா, நான் அடிக்கிறன்," என்று கையை நீட்டினேன்.

"நீங்க தெனம் மாடு ஓட்டுற எடங்க அது. எங்க பள்ளம், எங்க மேடுன்னு ஒங்க காலுக்கே தெரியும். நீங்க நிக்கமாட்டீங்க. நேரா போயிருவீங்க."

"அப்ப எங்கட இவர் அடிக்கட்டும்."

"அவரும்தான் தெனம் பாக்குறாரு."

ஊரில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்தப் புல்லுக்கு மேலால்தான் காட்டுக்குப் போகிற வழி. வெளியாள் ஒருவரும் வராத காலம். சண்டையால் பாதை அடைபட்டுக் கிடந்தது. கலியாணத்துக்கே சனம் வரமுடியாமலிருந்தது. கோல்ப் அடிக்க யார் வருவார்கள்? ஆனால் மனிதர் காத்திருந்தார். எண்பது வயதாகிவிட்டது, கண்ணில் பூ விழத் தொடங்கிவிட்டது, ஆட்டு முளையை மாற்றி மாற்றி அடித்தபடி காத்திருந்தார். அவர் என்ன பைத்தியமா என்று எனக்குச் சிலவேளை பயமாகவும் இருந்தது. பொழுதுபட்ட பிறகும் அந்தத் தொடக்கத்தில் குந்தியிருப்பார். சந்தைக்கு யாராவது புதிய ஆள் வந்ததாகக் கேள்விப்பட்டால் அவசரமாகச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போவார். வந்தவன் உப்பு வியாபாரியாக இருப்பான். அன்றைக்கே திரும்பிப் போய்விடுவான்.

பிறகு அந்த மாரி வந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நடந்த மாரி.

கடல்நீரேரியைப் படகில் கடந்து, கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து உழவு இயந்திரங்களில் சனம் உள்ளுக்குள் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. கோயில் மண்டபம் நிரம்பிவிட்டது. என் தங்கச்சியும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியின் பின்பக்கத்தில் நனைந்து விறைத்து வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே என் புருஷனுடைய சொந்தக்காரர் மூன்று குடும்பம். குசினிக்குள் அடுப்படியிலும் ஆள் படுத்திருந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. வயலெல்லாம் வெள்ளம். கொட்டில் போடத் தண்ணீர் நிற்காத ஒரு துண்டு நிலம் வேண்டும்.

ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நானும் கூடவே ஐயாவிடம் போனேன்.

"ஐயா, சனம் றோட்டில நிக்குது. இந்தப் பக்கத்தில தண்ணி நிக்காத காணி உங்கட மேடு ஒண்டுதான். கொட்டில் போட விடவேணும்," என்றார் விதானையார்.

மகள் உடனே, "எடுங்க. கச்சானையும் சேத்து எடுங்க," என்றாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐயா மேட்டுப் பக்கம் பார்த்தார். "எடுத்துக்குங்க," என்றார். "எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஆனா வந்தவங்கள்ல ஒருத்தரு, ஒரே ஒரு தடவ, ஆடிட்டு எடுத்துக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே? பிள்ளை காய்ச்சலில கிடக்குது, சனம் குந்த இடமில்லாமல் நிக்குது, நீங்கள் விளையாட்டுக் கதை கதைக்கிறியள்!"

அவர் என்னைக் கும்பிட்டார். எண்பது வயது மனிதர். "அம்மா, அரமணி நேரந்தாங்க. தடியெல்லாம் வெட்டிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். இனிமே எனக்கு எந்த ஆளு வரும்? இவங்கதான் பாக்காத சனம். நான் செத்துருவேன், தெரியாமலே செத்துருவேன்."

அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு என்னால் ஏச முடியவில்லை. விதானையார் என்னைப் பார்த்தார், நான் தங்கச்சியின் புருஷனைப் பார்த்தேன்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கட்டையான ஆள்; தபாற்கந்தோரில் வேலை. குறை சொல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே பருப்பில் உப்பில்லை என்பார். ஆனால் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும் என்கிறபோது என்னதான் செய்வார்? "தாங்கோ அந்தத் தடியை," என்று வாங்கினார்.

"தம்பி, அந்த மனுசன் கேட்டால் நல்லாயிருக்கு எண்டு சொல்லிவிடும். வேற ஒண்டும் கதைக்கவேண்டாம்," என்று நான் காதோடு சொன்னேன்.

தூறலுக்குள் எல்லாரும் வேலியோரம் சாக்கையும் தறப்பாளையும் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஐயா அவருக்குப் பாலை மரத்தையும் சிவப்புச் சீலையையும் மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் புருஷன் தடியைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார். மறுபடி நேரே பார்த்தார்.

"நிக்கிறாருங்க," என்று ஐயா என் கையைப் பிடித்தார். அவருடைய கை நெருப்பாகச் சுட்டது. "பாருங்க, நிக்கிறாரு."

கடைசியில் நேரே அடித்தார். பந்து எழும்பி, அழகாகப் போய், திடீரென்று நிலத்துக்குள் மறைந்துவிட்டது. போய்ப் பார்த்தால் மணல் கிடங்குக்குள். அதிலிருந்து எடுக்க மனிதர் பட்ட பாடு! அடிக்க அடிக்க மணல்தான் பறந்தது. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். றோட்டில் நின்ற சனமும் சிரித்தது. அத்தனை நாளும் நடந்த களைப்பில் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். ஒருவழியாகப் பந்தை வெளியே எடுத்து, மரத்தடிக்குக் கொண்டுபோய், குழிக்குள் தள்ளிவிட்டுக் கோபத்தோடு திரும்பி வந்தார்.

ஐயா அவருக்கு முன்னால் போய் நின்றார். "எப்படிங்க இருந்துச்சு?"

நான் ஐயாவுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். பல்லைக் கடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்தக் கிடங்கு அநியாயம் ஐயா," என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அடிச்ச இடத்தில நிண்டு பார்க்கேக்க அப்பிடியொரு கிடங்கு கிடக்குது எண்டே தெரியேல்லை. முன்னுக்கு இருக்கிற புல்வரம்பு மறைக்குது. தெரிஞ்சிருந்தால் நான் மற்றப் பக்கத்தாலதான் போயிருப்பன். நேரா போறதோ சுத்திப் போறதோ எண்டு ஆளை யோசிக்க வைக்கிறியள், ஆனால் என்ன கிடக்குது எண்டதை ஒளிச்சு வைக்கிறியள். அது பிழை."

ஐயா நேரே தொடக்கத்துக்குப் போனார். நின்று பார்த்தார். பிறகு தங்கச்சி புருஷனுடைய உயரத்துக்கு முழங்காலை மடித்துப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "தெரியலீங்க. மலையில நாங்க மேலருந்து கீழ பாத்துப் போடுவோம். அங்க எல்லாமே தெரியும். இங்க நெலம் படுத்துக் கெடக்கு, நான் அத யோசிக்கல. நானே வெட்டுன கெடங்கு, அதனால எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு." பிறகு தலையை ஆட்டினார். "எத்தனையோ மைதானம் போட்டேன். ஆடுன ஆளு எங்கிட்ட வந்து பேசுனது இதாங்க மொதத் தடவ."

அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் செத்தபோது நான்தான் மகளோடு இருந்தேன். அப்போதும் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிடங்கடிக்குப் போய்விட்டார். முன்வரம்பைச் செதுக்கத் தொடங்கினார். "அப்பா, குடிசை போடப்போற எடத்துல என்னப்பா பண்றீங்க?" என்று மகள் கத்தினாள். கேட்கவில்லை. தங்கச்சியின் புருஷன் தடியைக் கீழே போட்டுவிட்டுத் தொடக்கத்தில் போய் நின்றுகொண்டார். "தெரியேல்லை ஐயா... இன்னும் கொஞ்சம்... இடப்பக்கம் இன்னும்..." என்று அங்கிருந்து கத்தினார். காட்டுத்தடி வெட்டப்போன பொடியள் திரும்பி வந்து, தடிகளைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். விதானையார் சைக்கிளை வேலியில் சாத்தினார்.

"ஆ! இப்ப தெரியுது! வெள்ளையாத் தெரியுது!"

ஐயா ஓடி வந்தார். அந்த வயதில் ஓடினார். தொடக்கத்தில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப தம்பி இன்னொருக்கா அடிச்சுப் பார்க்கட்டுமே," என்றேன் நான்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சேங்க. இங்க நிக்கிற எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப இது சரியோ பிழையோ எண்டு இனி ஆருக்கும் தெரியாதே ஐயா."

"சரியா இருக்குங்க," என்றார். எழும்பி, சாரத்து நுனியால் மண்வெட்டியிலிருந்த சேற்றைத் துடைத்து, அதை விதானையாரின் கையில் கொடுத்தார். "புள்ளைக்குக் காச்சல்னாங்களே. மணலு, தண்ணி நிக்காது. மொதக் குடிசைய அங்கனயே போடுங்க," என்று அந்தக் கிடங்கைக் காட்டினார்.